பதினொன்றரைக்கு அரைநாள் ஆகாது

பாக்கி பதினோராயிரத்து இருநூற்று நாற்பது. கடைசி நாளின் அரைக் கூலி இதில் சேரவில்லை. அது தனித் தகராறு.

கொடுக்க வேண்டியவன் ஒரு கட்டட கான்ட்ராக்டர். வாங்க வேண்டியவர் மூன்றாவது மாடிச் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனார். ஆள் போனால் பாக்கியும் போய்விடுமா? அது அவர் மனைவியின் மடியில் வந்து விழுந்தது. அந்த மனைவிதான் கொக்கியின் அக்கா.

கொக்கி என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. சாரம் கட்டுகிற வேலையில் இருந்தபோது குழாயில் காலைப் பின்னிக்கொண்டு, தலைகீழாகத் தொங்கியபடியே முடிச்சுப் போடுவான். கழுத்தும் நீளம். கூட வேலை செய்தவர்கள் கொக்கி என்றார்கள், ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயரோடுதான் மேடை ஏறினான், டி.வி.க்குப் போனான். சினிமாவில் எல்லாரும் எழுந்து போன பிறகு பொடி எழுத்தில் ஓடியதும் அந்தப் பெயர்தான்.

வாரக் கூலியில் கொஞ்சத்தைப் பிடித்து வைப்பது அந்த கான்ட்ராக்டரின் வழக்கம். ஆள் வேறு கட்டடத்துக்கு ஓடிவிடக் கூடாதாம். வேலை முடிந்ததும் மொத்தமாகத் தருவானாம். அப்படிப் பிடித்துப் பிடித்துச் சேர்ந்ததுதான் அந்தப் பதினோராயிரத்துச் சொச்சம். மாமா விழுந்த அன்று அவரைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடியவன் கொக்கி. அவனும் அதே கட்டடத்தில்தான் வேலை செய்தான். ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போதே உடம்பு கனத்துவிட்டது. சுமை தூக்கிப் பழகிய தோளுக்கு அது தெரியாமல் இருக்குமா?

காரியமெல்லாம் முடிந்து அக்கா கான்ட்ராக்டரின் அறைக்குப் போனாள். அவன் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினான்.

"கட்டடம் முடியட்டும்மா, பிடிச்சு வச்சதைத் தர்றேன். அன்னிக்கு அரைநாள் மட்டும் கேக்காத. அரைநாள்னா பன்னண்டு மணி. அவன் பதினொன்னரைக்கே வேலையை நிறுத்திட்டான்."

வேலையை நிறுத்திவிட்டானாம்!

"அந்த அரைநாள் இருநூத்தி அறுபதையும் சேத்தா பதினோராயிரத்து ஐந்நூறுங்க. முழுசா வரும். உங்களுக்கும் சில்லறை தேடுற வேலை இல்ல" என்றிருக்கிறாள் அக்கா.

அவன் அதற்கும் கடிகாரத்தையே பார்த்தான். கட்டடம் முடிந்தது. ஜன்னலுக்கெல்லாம் திரை போட்டுக் குடி வந்தார்கள். அந்த அறை இருந்த இடத்தில் வண்டி நிறுத்தினார்கள். கான்ட்ராக்டர் போன இடம் தெரியவில்லை.

கான்ட்ராக்டரைப் பார்த்துவிட்டு வந்த அன்றே வீட்டில் அழுதபடி நடந்ததைச் சொன்னாள் அக்கா. கான்ட்ராக்டர் பேசியதை அவன் குரலிலேயே, கையைத் தட்டிக் காட்டிச் சொன்னவள், "வேலையை நிறுத்திட்டான்" என்ற இடத்தில் புரையேறுகிற மாதிரி சிரித்துவிட்டாள். கொக்கியும் சிரித்தான். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கக் கூசிக்கொண்டு சிரித்தார்கள். மறு வருஷம் கொக்கி மேடையில் பேசத் தொடங்கியபோது, இதைச் சொல்லலாமா என்று அவளிடம்தான் வந்து நின்றான்.

"சொல்லு. ஆனா கடைசிவரைக்கும் சொல்லு" என்றாள் அக்கா. "பாதியில நிறுத்தினேன்னு வை, அவரு விழுந்தது மட்டும்தான்டா நிக்கும்."

"நிறுத்த மாட்டேன்க்கா."

அவன் நிறுத்தவும் இல்லை. பன்னிரண்டு வருஷம், கல்யாண மண்டபம், கல்லூரி, கம்பெனி விருந்து, குடித்துவிட்டுச் சத்தம் போடுகிற கூட்டம் என்று எங்கே போனாலும் அதைத்தான் கடைசியில் வைத்துக்கொள்வான்.

"எங்க மாமா மூணாவது மாடியிலேர்ந்து விழுந்தாருங்க. லிஃப்ட் இல்லாத கட்டடம். அதுல அவ்வளவு வேகமா இறங்கின ஒரே ஆளு அவருதான்."

கூட்டம் சிரிக்கும். தப்பான இடத்தில் சிரித்துவிட்டோமோ என்று பாதிப் பேர் அடக்கிக்கொள்வார்கள். அந்த அடக்கத்துக்காகத்தான் கொக்கி காத்திருப்பான்.

"கான்ட்ராக்டர் ஓடி வந்தாரு. பக்கத்துல மண்டி போட்டாரு. கையைப் பாத்தாரு. மாமா கையை இல்லீங்க, அவரு கையை. கடிகாரம்! 'பதினொன்னரை. அரைநாள் ஆகாது'ன்னாரு."

இப்போது வேறு சிரிப்பு வரும். வயிற்றிலிருந்து, கொஞ்சம் கோபத்தோடு. அது அடங்கும்போது பாக்கித் தொகையைச் சில்லறை பிசகாமல் சொல்வான். பிறகு கைகூப்பி:

"கான்ட்ராக்டர் ஐயா, நீங்க இந்தக் கூட்டத்துல இருந்தா கைதட்ட வேணாம். காசைக் குடுத்துட்டுப் போங்க."

பெயரைச் சொன்னதே இல்லை. சொன்னால் கதை அந்த ஒருவனோடு நின்றுவிடும் என்பது அவன் கணக்கு. ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார். "எங்க கான்ட்ராக்டரும் இப்படித்தாம்ப்பா."

நாற்பதைத் தாண்டிய பிறகு சினிமா கூப்பிட்டது. என்ன வேஷம்? கதாநாயகனுக்குத் தோழன். தோழனுக்கு என்ன வேலை? அறை வாங்குவது. நாயகனுக்குக் கோபம் வந்தால் அறை, காதல் வந்தால் அறை, ஒன்றும் வராவிட்டால் சும்மா பின்மண்டையில் ஒரு தட்டு. கை படாமல் அறைவது எப்படி என்று சண்டைப் பயிற்சிக்காரர் சொல்லிக்கொடுக்கத்தான் செய்தார். நாயகனுக்கு அதெல்லாம் பொறுமை இல்லை. "இயல்பா வரட்டும்" என்று நிஜமாகவே விட்டார். வெளிச்சம் சரியில்லை, இன்னொரு முறை. பின்னால் யாரோ நடந்துவிட்டார்கள், இன்னொரு முறை. நாயகன் கன்னத்தில் வேர்வை, துடைத்துவிட்டு இன்னொரு முறை. நாயகன் குளிரூட்டிய வண்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்வார். கொக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், கன்னத்தில் தண்ணீர்ப் புட்டியை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பான். பிறகு குரல் கொடுக்கிற அறையில் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, வாங்கிய ஒவ்வோர் அறைக்கும் ஒரு "ஐயோ" சொல்ல வேண்டும். "இன்னும் கொஞ்சம் வேடிக்கையா ஒரு ஐயோ குடுங்க" என்பார்கள். வலித்தபோது வந்த ஐயோ வேடிக்கையாக இல்லையாம்.

அவன் எழுதிக்கொண்டு போன வசனம் ஒன்றும் படத்தில் வராது. அவன் கழுத்தைப் பற்றி வேறு யாரோ எழுதியதுதான் வரும். ஆனாலும் போனான். மேடையில் ஒரு மாதம் நாக்குத் தேயப் பேசிச் சம்பாதிப்பதை அங்கே கன்னத்தைக் கொடுத்து ஒரே நாளில் வாங்கிவிடலாம். அக்கா வீட்டுக் கூரைக்குத் தகடு மாற்றியது அந்தக் கன்னம்தான்.

அப்புறம் டி.வி. ஞாயிற்றுக்கிழமை மதியம் வருகிற சிரிப்பு நிகழ்ச்சி. வரிசையாகப் பல வாரங்களுக்கு ஒப்பந்தம். அதே நிறுவனம் எடுக்கப்போகிற படத்தில் நாயகனின் அண்ணன் வேஷம் வேறு. அறை கிடையாது, ஒரு இடத்தில் அழக்கூட வேண்டும். நிகழ்ச்சியின் டைரக்டர் சொன்னார்: "உங்க அந்த கான்ட்ராக்டர் கதை இருக்கே அண்ணே, அதைத்தான் முதல் வாரம் வைக்கிறோம்."

பதிவு நாளன்று அக்காவைக் கூட்டிப்போனான். ஆஸ்பத்திரித் துணி சலவைக் கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். விடுப்புக் கேட்டு, புதுத் துணி கட்டிக்கொண்டு வந்தாள். கொக்கி பெருமை தாங்காமல், கூடத்தில் ஆட்களை உட்கார வைத்து நடத்துகிற ஃப்ளோர் மேனேஜரிடம் சொன்னான்: "எங்கக்கா சிரிச்சா கூடமே சிரிக்கும். முன்வரிசையில நடுவுல உக்கார வைங்க."

டி.வி. சிரிப்பு நிகழ்ச்சிகளில் ஒரு வேலைமுறை உண்டு. மேடையில் யாரும் பேசுவதற்கு முன்னாலேயே பார்வையாளர்களின் சிரிப்பை எடுத்துவிடுவார்கள். "எல்லாரும் சிரிங்க. நல்லா. பக்கத்துல இருக்கறவங்க தோளைத் தட்டி. இப்போ கண்ணைத் துடைச்சுக்கிட்டு." கலவை போட்டுக் குவித்து வைக்கிற மாதிரி அதைக் குவித்து வைத்துக்கொண்டு, பிறகு எங்கே ஓட்டை தெரிகிறதோ அங்கே பூசிக்கொள்வார்கள். கூலிக்கு வருகிற பார்வையாளர்களுக்கு இது தெரியும். கொக்கிக்கும் தெரியும். அக்காவுக்குத் தெரியாது. அவன் சொல்லவும் இல்லை. அதில் சொல்ல என்ன இருக்கிறது என்று நினைத்தான்.

அன்று கூட்டம் சரியாகச் சிரிக்காததால் ஃப்ளோர் மேனேஜர் மேடையேறி ஆடிக் காட்டினார். குனிந்த இடத்தில் பேன்ட் தையல் டர்ரென்று விட்டது. அவர் கையிலிருந்த அட்டையால் பின்பக்கத்தை மறைத்துக்கொண்டே நண்டு மாதிரி பக்கவாட்டில் நடந்து போனார். அக்கா சிரித்தாள். வாயைப் பொத்தி, தொடையில் அடித்து, முன்னால் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வர. மாமா போன பிறகு அவள் அப்படிச் சிரித்துக் கொக்கி பார்த்ததில்லை. ஓரத்தில் நின்றவனுக்கு நெஞ்சு நிறைந்துபோனது. முன்வரிசை நடுவுக்கு நேராகத்தான் அந்தச் சிரிப்புக் கேமரா நின்றது என்பது அப்போது உறைக்கவில்லை.

பிறகு அவன் கதையைச் சொன்னான். முழுசாகச் சொன்னான். அக்கா வழக்கம்போல மோவாயில் கை வைத்துக் கேட்டாள். கடைசி வரியில், சரிதான் என்கிற மாதிரி ஒரு தலையசைப்பு. அவ்வளவுதான்.

ஒளிபரப்பான ஞாயிறு மதியம் அக்கா வீட்டில் கூட்டம். எதிர்வீட்டுத் தையல்காரம்மா தன் வீட்டு நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். "சினிமாக்காரரே, உக்காருங்க, கால் வலிக்கப்போவுது" என்று கொக்கியைக் கேலி செய்தாள்.

முதலில் விளம்பரம். நிகழ்ச்சியை வழங்குகிறவர்கள் ஒரு வீடு கட்டும் கம்பெனி. வெள்ளைச் சட்டை போட்ட ஆள் ஒருவன் பெரிய கட்டடத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "நம்பிக்கையோடு குடி வாருங்கள்" என்றான். முடிக்குச் சாயம், முகத்துக்குச் சதை. கை மட்டும் அதே கைதான். பேசி முடித்ததும் பழக்கம் விடாமல் கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

கொக்கி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அவள் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"இவன்தானே?" என்றாள்.

பதில் சொல்வதற்குள் கொக்கி திரையில் வந்துவிட்டான். லிஃப்ட் இல்லாத கட்டடம். அவ்வளவு வேகமாக இறங்கின ஒரே ஆள். உடனே அக்கா முகம். திரை முழுக்க அக்கா. வாயைப் பொத்தி, தொடையில் அடித்து, முன்னால் சாய்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். புருஷன் மாடியிலிருந்து விழுந்ததற்குச் சிரிக்கிறாள். "டொய்ங்" என்று ஒரு சத்தம். கைதட்டல். அடுத்த ஆள் மேடைக்கு வந்துவிட்டான்.

கடிகாரம் இல்லை. அரைநாள் இல்லை. பாக்கி இல்லை. கான்ட்ராக்டரே இல்லை.

தையல்காரம்மா விஷயம் புரியாமல் கைதட்டத் தொடங்கி, பாதியில் நிறுத்திக்கொண்டாள். நிறுத்தி, நாற்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

"நான் எப்படா சிரிச்சேன்?" என்று கேட்டாள் அக்கா.

அந்த ஒரு கேள்விதான். அதற்குப் பிறகு அவனோடு பேசவில்லை. போன் அடித்தால் எடுப்பதில்லை. சலவைக் கூடத்தில் யாரோ, "நல்லாத்தான் சிரிச்ச, உனக்கு மனசு கல்லு" என்றார்களாம். அந்தத் துண்டு போன் போனாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

கொக்கி டி.வி. அலுவலகத்துக்குப் போனான். டைரக்டர் எழுந்து வந்து கட்டிப்பிடித்தார்.

"அண்ணே! உங்க துண்டுதான்ணே இந்த வாரம் உச்சம். பாத்தீங்களா?"

"பாத்தேன். மீதி எங்க?"

"எந்த மீதி?"

"கதையில மீதி. விழுந்தவரை வச்சுக்கிட்டீங்க. விழ வச்சவன் எங்க?"

"நீளம்ணே. அப்புறம் அந்தக் கடைசி... கொஞ்சம் கனமா இருந்துச்சு. ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்ட்டுட்டு உக்காந்திருக்கறவன்கிட்ட போய்க் காசு பாக்கி, கூலின்னு..."

"சாப்ட்டவனுக்குச் செரிக்கலன்னு எங்க மாமாவைக் கோமாளி ஆக்குவியா? என் அக்கா எப்பய்யா சிரிச்சா அதுக்கு?"

"அது பொதுச் சிரிப்புண்ணே. முன்னாடியே எடுத்து வச்சது. உங்களுக்குத் தெரியாத விஷயமா? நீங்கதானே அவங்களை நடுவுல உக்கார வைக்கச் சொன்னீங்க? சும்மா சொல்லக் கூடாது, அந்தம்மா சிரிப்பு தங்கம்."

கொக்கிக்கு அந்த இடத்தில் அடி பலமாக விழுந்தது. ஆனாலும் விடவில்லை.

"எடு அதை. இல்ல, முழுக் கதையையும் போடு."

"அண்ணே, ஸ்பான்சர் யாருன்னு பாருங்க. வீடு கட்டுற கம்பெனி. அவங்க காசை வாங்கிக்கிட்டு கான்ட்ராக்டரைத் திட்டினா..."

"உன் ஸ்பான்சர்தான்டா அந்த கான்ட்ராக்டர்!"

வெளியே தட்டச்சுச் சத்தம் நின்றது. டைரக்டர் போய்க் கதவைச் சாத்தினார். திரும்பி வந்தபோது குரல் மாறியிருந்தது. ஒப்பந்தம் என்றார். வெட்டுவதும் ஒட்டுவதும் தங்கள் உரிமை என்று கொக்கி கையெழுத்துப் போட்டிருப்பதைச் சொன்னார். அண்ணன் வேஷத்தைச் சொன்னார். "யோசிங்கண்ணே. இந்த வயசுல இன்னும் எத்தனை அறை வாங்குவீங்க?"

இரண்டு நாளில் அவரே போன் செய்தார். குரலில் தேன்.

"அண்ணே, பெரிய மனுஷன்ணே அவரு. விஷயத்தைச் சொன்னேன், கண் கலங்கிட்டாரு. மறந்தே போயிட்டாராம். மேடையில வச்சு அக்காவுக்குக் காசு குடுக்கறாரு. பதினோராயிரம் இல்லண்ணே, அம்பதாயிரம்! அக்கா அழறாங்க, அப்புறம் சிரிக்கறாங்க. நீங்க பக்கத்துல நின்னு, 'மாமா மேலேர்ந்து பாத்துச் சிரிச்சுக்கிட்டு இருப்பாரு'ன்னு ஒரு வரி சொல்றீங்க. அதோட கதை முடிஞ்சுது. அப்புறம் நீங்க எந்த மேடையிலயும் அதைச் சொல்ல வேண்டியதும் இல்ல."

சொல்ல வேண்டியது இல்லையாம். சொல்லக் கூடாது என்பதை எவ்வளவு மரியாதையாகச் சொல்கிறார்கள்! பன்னிரண்டு வருஷம் கேட்டும் கிடைக்காத காசு, வாயை அடைக்க என்றதும் நாலு மடங்காக வருகிறது.

சலவைக் கூடத்து வாசலில் போய் நின்றான். டீ நேரத்தில் அக்கா வெளியே வந்தாள். இஸ்திரிச் சூட்டில் முன்கையெல்லாம் சிவந்திருந்தது. அவனைப் பார்த்தாள், திரும்பிப் போய்விடவில்லை.

"என்னடா, சிரிக்க ஆள் வேணுமா?"

அவன் எல்லாவற்றையும் சொன்னான். ஸ்பான்சரை, அம்பதாயிரத்தை, மேலேயிருந்து சிரிக்கிற மாமாவை. "நீ வர வேணாம்க்கா. நான் போகப்போறதில்ல. படமும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். அவங்க மூஞ்சியில காறித் துப்பிட்டு வந்துடறேன்."

"துப்பி? அதையும் வெட்டிட்டு என் சிரிப்பை ஒட்டுவாங்க." டீயை ஆற்றினாள். "பாக்கியை யாருடா வாங்குறது, நீயா? கொடுக்கறவன் வந்து நிக்கறான், வாங்கறவ போக வேணாமா?"

"அது பாக்கி இல்லக்கா. அவன் போடுற பிச்சை."

"அதை நான் பாத்துக்கறேன். ஆனா முதல்ல அந்தச் சிரிப்பை அங்கேர்ந்து எடுக்கணும். எடுத்ததை என் கண்ணால பாக்கணும். அப்புறம்தான் மேடை ஏறுவேன். போய்ச் சொல்லு."

டைரக்டர் ஒத்துக்கொண்டார். ஒரு சிரிப்பை எடுப்பது அவருக்குப் பெரிய நட்டமா? அந்தத் துண்டை வாங்கிப் போட்டிருந்த மற்ற சேனல்களிலும் எடுக்கச் சொன்னார். பதிவு நாளன்று காலையில் அக்காவை எடிட்டர் அறைக்குக் கூட்டிப்போனான் கொக்கி. எடிட்டர் ஒரு பெண். திரையில் அக்காவை நிறுத்தினாள், பின்னால் ஓட்டினாள், முன்னால் ஓட்டினாள். அக்கா வாயைப் பொத்தினாள், எடுத்தாள், பொத்தினாள். சத்தமே இல்லை.

"இவ்வளவு நல்லாவா சிரிச்சேன்?" என்று மெல்லக் கேட்டாள் அக்கா.

எடிட்டர் அந்தத் துண்டை வெட்டினாள். லிஃப்ட் இல்லாத கட்டடத்துக்குப் பிறகு இப்போது கறுப்பாக ஓர் இடைவெளி வந்தது.

"அப்படியே இருக்கட்டும்மா. அங்க ஒண்ணும் வைக்காத" என்றாள் அக்கா.

மேடையில் வெள்ளைச் சட்டைக்காரன் தயாராக நின்றான். பின்னால் அவன் கம்பெனியின் பெயர் ஆள் உயரத்துக்கு. அக்காவைப் பார்த்ததும் கைகூப்பினான். "தங்கச்சி" என்றான். அவள் முகம் அவனுக்கு ஞாபகமே இல்லை என்பது அந்தத் தங்கச்சியிலேயே தெரிந்தது. கொக்கி ஒலிவாங்கி மாட்டிய சட்டையோடு பக்கத்தில் நின்றான். சொல்ல வேண்டிய வரி, எதிரே ஓர் அட்டையில் பெரிதாக எழுதிப் பிடிக்கப்பட்டிருந்தது.

வெளிச்சம் விழுந்தது. வெள்ளைச் சட்டை மனிதநேயத்தைப் பற்றிப் பேசினான். உழைப்பாளியின் வேர்வை என்றான். தன் கம்பெனியின் கருணை நிதியிலிருந்து என்றான். சொல்லிவிட்டுக் கேமராவைப் பார்த்தபடியே தடித்த உறையை நீட்டினான். கைதட்டல்.

அக்கா உறையைப் பிரித்தாள். எல்லாம் ஐந்நூறு ரூபாய்த் தாள். எச்சில் தொட்டு எண்ணத் தொடங்கினாள். எண்ணுகிற வழக்கம் அந்த நிகழ்ச்சியில் கிடையாது. வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வதுதான் வழக்கம். கைதட்டல் தேய்ந்து நின்றது. கூடமெல்லாம் தாள் சரசரக்கும் சத்தம். ஒரு தாள் ஒட்டிக்கொண்டது. பிரித்துப் பார்த்து மறுபடி எண்ணினாள்.

"எவ்வளவு இருக்கோ எல்லாம் உனக்குத்தாம்மா" என்றான் வெள்ளைச் சட்டை.

அவள் நிமிரவில்லை. எண்ணி முடித்ததைத் தனியாக மடித்து இடுப்பில் செருகினாள். மீதிக் கட்டை உறையோடு அவன் கையில் வைத்தாள்.

"பதினோராயிரத்து ஐந்நூறு எடுத்துக்கிட்டேன்" என்றாள். "பிடிச்சு வச்சது பதினோராயிரத்து இருநூத்தி நாப்பது. அன்னிக்கு அரைநாள் இருநூத்தி அறுபது. மிச்சம் உங்களோடது."

"வச்சுக்கம்மா, அன்பளிப்பு..."

"அவரு செய்யாத வேலைக்கு எனக்குக் காசு வேணாம். செஞ்ச வேலைக்குத்தான் கேட்டேன். பதினொன்னரை மணிக்கு வேலையை நிறுத்திட்டாருன்னு சொன்னீங்களே, ஞாபகம் இருக்கா? அவரா நிறுத்தல."

வெள்ளைச் சட்டைக்கு இப்போது அவளை ஞாபகம் வந்தது. காதுமடல் சிவந்தது. உறையைப் பிடித்த கை நீட்டியது நீட்டியபடி இருந்தது. மடக்கினால் வாங்கிக்கொண்டதாக ஆகிவிடும், நீட்டினாலும் கேட்கிற மாதிரி இருந்தது. இன்னொரு கை தானாகக் கடிகாரத்துப் பக்கம் போனது.

இருட்டிலிருந்து டைரக்டர் கெஞ்சினார். "அம்மா, பரவாயில்ல, பேசினதெல்லாம் நாங்க பாத்துக்கறோம். ஒரே ஒரு தடவை அவரைப் பாத்துச் சிரிச்சுடுங்க. போதும்."

"சிரிக்கறதுக்குத் தனிக் கூலி" என்றாள் அக்கா. "அன்னிக்கு ஒரு தடவை சும்மா சிரிச்சு ஏமாந்தேன்."

முன்வரிசையில் யாரோ களுக்கென்றார்கள். கூலிக்கு வந்த கூட்டம்தான். யாரும் சிரிக்கச் சொல்லாமல் வந்த சிரிப்பு அது. ஃப்ளோர் மேனேஜர் கையை ஆட்டி அடக்கினார். அட்டை பிடித்தவர் அட்டையைக் கொக்கியின் முகத்துக்கு நேரே இன்னும் உயர்த்தினார். மாமா மேலேர்ந்து பாத்து.

கொக்கி அட்டையைப் பார்த்தான். அண்ணன் வேஷம் கண்ணில் வந்தது; பிளாஸ்டிக் நாற்காலி வந்தது. மாமாவும் வந்தார், மேலிருந்து இல்லை, தன் தோளின் மேல்.

"அக்கா, எண்ணினது சரியா இருக்கா?"

"சரியா இருக்கு."

"ஐயா," என்றான் கொக்கி வெள்ளைச் சட்டையிடம், மேடையில் பேசுகிற அதே மரியாதையோடு. "எங்கக்கா பாக்கி தீந்துபோச்சு. எனக்கும் ஒரு அரைநாள் உண்டுங்க. நானும் உங்க ஆளுதான். பதினொன்னரைக்கு அவரைத் தூக்கிக்கிட்டு ஓடினேன்னு எனக்கும் அன்னிக்கு நீங்க பிடிச்சுக்கிட்டீங்க. இத்தனை வருஷத்துல அதை நான் எந்த மேடையிலயும் கேக்கல. இப்பவும் கேக்கல. தள்ளுபடி பண்ணிட்டேன். இன்னிக்கு இங்க நான் போட்ட அரைநாளையும் சேத்துத் தள்ளுபடி."

சட்டையிலிருந்து ஒலிவாங்கியைக் கழற்றினான். வைக்க இடம் தேடினான். நீட்டியபடியே இருந்த அந்தக் கையில், உறைக்கு மேலேயே வைத்தான்.

"வெட்டு! வெட்டு!" என்று டைரக்டர் கத்தினார். வெட்டட்டும். அவர்களுக்கு வெட்டத் தெரியாதா என்ன?

கம்பிவடங்களைத் தாண்டி, பலகைச் சுவர்களின் பின்பக்கமாக இருவரும் வெளியே வந்தார்கள். வெயில் சுள்ளென்று அடித்தது. வாசல் காவலாளி பதிவேட்டை நகர்த்தி வைத்துக்கொண்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டிருந்தார். கொக்கியைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன சார், இன்னிக்குச் சீக்கிரமே முடிஞ்சுதா?"

அக்கா இடுப்பில் செருகியதை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"சீக்கிரமாவது?" என்றாள். "இப்பத்தான் முடிஞ்சுது."